நெடுமையும் 'டால்' என்னும் ஆங்கிலச் சொல்லும்

மனிதர்க்கு வயது உள்ளதுபோலச் சொற்களுக்கும் வயது உண்டு. பிறந்த நாளில் ஒரு பொருளும், வளர்ந்த நாளில் வேறொரு பொருளும், முதிர்ந்த நாளில் மற்றுமொரு பொருளுமாக அவை மாறி வருகின்றன. 'நாற்றம்' என்னும் சொல் பண்டை இலக்கியத்தில் நறுமணத்தைக் குறித்தது. இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் மூக்கைப் பொத்திக்கொள்வோரே மிகுதி. தமிழாசிரியர் அனைவரும் வகுப்பில் எடுத்துக்காட்டும் செய்திதான் இது. ஆயினும், பிறமொழிச் சொல் ஒன்றுக்குத் தமிழில் பொருள் கூற நேரும்போது மட்டும் இவ்வுண்மை மறந்துபோகிறது. அகராதியைத் திறந்து, ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடுவது வழக்கமாகிவிட்டது.

இவ்வழக்கத்தால் வரும் இழப்பை நன்கு உணரத்தக்க இடம் சிங்கப்பூர். அங்குத் தமிழே பயிற்றுமொழியாக விளங்கிய உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 1987ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. தமிழ் தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அப்பள்ளியின் பெயரைத் தாங்கிய தமிழ்மொழி நிலையம் சிராங்கூன் சாலையை அடுத்த பீட்டி சாலையில் தமிழ்ப் பணியைத் தொடர்ந்தது. இந்நிலையில் சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுவன் பல கருத்துகளை ஆங்கிலச் சொல்லின் வழியாகவே முதலில் அறிகிறான். தமிழ்ச் சொல் பின்னால் வருகிறது. பின்னால் வரும் சொல், முன்வந்த சொல்லின் நிழலாக மட்டும் அவன் உள்ளத்தில் பதிந்துவிடக்கூடும்.

உயரத்தைக் குறிக்கும் 'டால்' என்னும் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். மிக எளிய சொல். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் அறிந்த சொல். 'உயரமான' என்று அதற்குப் பொருள் எழுதிவிடலாம். ஆனால் அப்பிள்ளை வளர்ந்து, செய்தித்தாளில் 'டால் ஆர்டர்' என்று படிக்கும்போது அதனை 'உயரமான ஆணை' என்று தமிழாக்கினால் சிரிப்புக்கு இடமாகும்; நிறைவேற்றுதற்கு அரிய வேண்டுகோள் என்பதே அதன் கருத்து. இன்னும் வளர்ந்து ஷேக்ஸ்பியரைப் படிக்கும்போது, 'டால்' என்று புகழப்படும் ஒருவனை உயரமானவன் என்று மட்டும் கொண்டால் நாடகத்தின் நகைச்சுவையே பறிபோகும். ஆகவே இச்சிறு சொல்லின் வரலாற்றை ஆராய்தல் பயனுடையது.

விரைவில் பிறந்த சொல்

'டால்' என்பதன் மூலம் பழைய ஆங்கிலத்தில் வழங்கிய 'யெடால்' என்னும் சொல் என்பது சொற்பிறப்பு ஆராய்ச்சியாளர் பலரின் முடிபு. முன்னொட்டாகிய 'யெ' காலப்போக்கில் தேய்ந்து மறைய, எஞ்சிய பகுதி 'டால்' ஆயிற்று. பழைய உயர் ஜெர்மன் மொழியிலும் இதற்கு உறவான ஒரு சொல் உண்டு. இவற்றின் பொருள் யாதெனின், உயரம் அன்று, விரைவு. சுறுசுறுப்பானவன், ஏவியதைத் தாழ்க்காமல் செய்ய முனைந்து நிற்பவன் என்பதே இச்சொல் தந்த முதற்கருத்து.

அமெரிக்க அகராதி ஆசிரியராகிய நோவா வெப்ஸ்டர் 1828ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பேரகராதியில் இச்சொல்லை வேல்சு மொழியின் 'டால்' என்னும் சொல்லோடு பொருத்திக் காட்டினார். ஒலியும் பொருளும் ஒத்திருந்தமையால் அவ்வாறு கருதியிருத்தல் கூடும். பின்வந்த ஆராய்ச்சியாளரோ வேல்சு மொழியே அச்சொல்லை ஆங்கிலத்திடம் கடனாகப் பெற்றிருக்கலாம் என்று கருதினர். ஒலி ஒப்புமை ஒன்றையே நம்பிச் சொற்பிறப்புக் கூறுவோர்க்கு இஃது ஒரு பாடம்.

விரைவு என்னும் கருத்திலிருந்து இச்சொல் இரு கிளையாகப் பிரிந்தது. ஏவலுக்கு விரைந்து நிற்பவன் பணிவுடையவன். 1400ஆம் ஆண்டில் மறைந்த சாசர் என்னும் ஆங்கிலப் பெருங்கவிஞர், போர்த்தெய்வமாகிய மார்ஸ் தன் காதலியின் முன் அடங்கி ஒடுங்கி நின்ற நிலையைக் கூறுமிடத்து 'டால்' என்னும் சொல்லை ஆள்கிறார். அங்கு அதன் பொருள் பணிவு, கீழ்ப்படிதல். இன்று நிமிர்ந்து நிற்பதைக் குறிக்கும் சொல் அன்று குனிந்து நிற்பதைக் குறித்தது என்பது வியப்புக்குரியது.

மற்றொரு கிளை போர்க்களம் நோக்கிச் சென்றது. போருக்கு விரைந்து நிற்பவன் அஞ்சாதவன், அஞ்சாதவன் வீரன், வீரன் எடுப்பான தோற்றமுடையவன். இவ்வாறு பதினைந்தாம் நூற்றாண்டளவில் 'டால்' என்றால் வீரமுள்ள, தகுதிவாய்ந்த, அழகிய என்னும் பொருள்கள் வழங்கலாயின. எடுப்பான தோற்றம் என்பதில் உடலின் உயர்ச்சியும் அடங்கும் அன்றோ? பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் 'சராசரிக்கு மேற்பட்ட உயரமுள்ள' என்னும் பொருள் இச்சொல்லின்மேல் ஏறியது. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் அது வெறும் அளவைச் சொல்லாகவும் மாறிற்று. மூன்றடிச் சிறுவனையும் 'மூன்றடி டால்' என்று கூறும் வழக்கு அதன் விளைவே.

விரைவைக் குறித்த சொல் சிறப்பையும் குறிக்கலாயிற்று என்பது தமிழாசிரியர்க்குப் புதுமையாகத் தோன்றாது. 'கடி' என்னும் உரிச்சொல்லுக்கு நன்னூலார் பதின்மூன்று பொருள் கூறினார். விரைவும் சிறப்பும் அவற்றுள் அடங்கும். அச்சமும் காப்பும்கூட அடங்கும். கடிமணம், கடிநகர், கடிமரம் என்று வரும் இடந்தோறும் அதன் பொருளை அடுத்துவரும் சொல்லே முடிவு செய்கிறது. 'கடி' என்பதற்கு ஒரே பொருளை எழுதிவிட்டு எவரும் அமைவதில்லை. அந்த மரியாதையை ஆங்கிலச் சொல்லுக்கும் அளித்தல் வேண்டும்.

நாடக மேடையில் இரு பொருள்கள்

ஒரு சொல்லின் பழைய பொருள் ஒரே நாளில் இறந்துவிடுவதில்லை. புதிய பொருள் பிறந்த பின்னும் நெடுங்காலம் அதனோடு சேர்ந்தே வாழும். இதற்கு ஷேக்ஸ்பியரின் நாடகங்களே சான்று.

'நடுவேனில் இரவுக் கனவு' என்னும் நாடகத்தில் ஹெலனா, ஹெர்மியா என்னும் இரு மகளிர் பூசலிடுகின்றனர். ஹெலனா உயரமானவள், ஹெர்மியா குள்ளமானவள். தன் குறுமையை இகழ்ந்து, தன் உயரத்தைக் காட்டியே ஹெலனா தன் காதலன் மனத்தைக் கவர்ந்துவிட்டாள் என்று ஹெர்மியா சீறுகிறாள். அங்கு வரும் 'டால்' இன்று நாம் அறிந்த உடலுயரமே.

'பன்னிரண்டாம் இரவு' என்னும் நாடகத்திலோ நிலைமை வேறு. குடியனாகிய சர் டோபி, தன் நண்பன் சர் ஆண்ட்ரூவை அந்நாட்டிலேயே எவர்க்கும் குறையாத 'டால்' மனிதன் என்று புகழ்கிறான். வீரன் என்பது அவன் கூற்று. சர் ஆண்ட்ரூவோ வாட்போர் என்றவுடன் நடுங்கும் கோழை. வீரம் என்ற பொருளை அறிந்தவரே இப்புகழ்ச்சியின் பொய்ம்மையைக் கண்டு நகைக்க முடியும். 'விண்ட்சர் மகளிர்' பற்றிய இன்பியல் நாடகத்தில் ஒரு பணியாள் தன் தலைவனைக் 'கையால் டாலானவன்' என்று பெருமைப்படுத்துகிறான். முயற்பண்ணைக் காவலன் ஒருவனோடு அவன் சண்டையிட்டதை அதற்குச் சான்றாகவும் கூறுகிறான். கையால் உயரமானவன் என்று மொழிபெயர்த்தால் யாதொரு பொருளும் விளங்காது. கைத்திறமும் கைவிரைவும் துணிவும் உடையவன் என்பதே கருத்து. இத்தொடரை நினைவில் வைத்துக்கொள்க. கட்டுரையின் இறுதியில் இது மீண்டும் தேவைப்படும்.

'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் கடலில் மூழ்கிய கப்பல்களைப் பற்றிய பேச்சு வருகிறது. அக்கப்பல்களுக்கும் 'டால்' என்னும் அடைமொழியே தரப்பட்டுள்ளது. உறுதியும் அழகும் வாய்ந்த சிறந்த கப்பல்கள் என்று உரையாசிரியர் பொருள் கூறுவர். ஆனால் உயர்ந்த பாய்மரங்கள் கண்முன் தோன்றுவதால், பிற்காலத்தார் அதனை உயரம் என்றே கொண்டனர். இன்று 'டால் ஷிப்' என்றால் உயர்ந்த பாய்மரங்களையுடைய பழைய வகைக் கப்பல் என்றே எவரும் கொள்வர்.

பாய்மரத்திலிருந்து மாடிக்கு

வெப்ஸ்டரின் 1828ஆம் ஆண்டு அகராதி மேலும் ஒரு நுட்பத்தைக் கூறுகிறது. நிமிர்ந்து நிற்பதாய், உயரத்தை நோக்கப் பருமன் குறைந்ததாய் உள்ள பொருளுக்கே 'டால்' உரியது என்பது அவர் கருத்து. மனிதர், நிற்கும் மரம், பாய்மரம், கம்பம் ஆகியவற்றை அவர் எடுத்துக்காட்டினார். அவ்வகராதியின் பிற்பதிப்புகள் தேவாலயத்தின் கூம்பையும் சேர்த்தன. குன்றுக்கு இச்சொல் பொருந்தாது என்றும் விலக்கின. குன்று எவ்வளவு உயர்ந்தாலும் அகன்று கிடப்பது. ஆதலின் அதற்கு உரிய சொல் 'ஹை' என்பதாம்.

இவ்விலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிங்கப்பூர் நகரின் வரலாற்றை நோக்கினால் ஒரு மாற்றம் தெளிவாகும். 1819ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் அங்கு வணிக நிலையம் அமைத்தார். அதன்பின் பல்லாண்டுக் காலம் அந்நகரில் 'டால்' என்று சொல்லத்தக்கவை தென்னையும் பாக்கும், துறையில் நின்ற கப்பல்களின் பாய்மரங்களுமே. கடைவீடுகள் இரண்டு மாடி அல்லது மூன்று மாடி. 1869ஆம் ஆண்டில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது, நீராவிக் கப்பல்கள் பெருகின, பாய்மரங்கள் குறைந்தன. நகரின் உயரம் கடலிலிருந்து மெல்லக் கரையேறியது.

கரையேறிய சொற்களுள் 'ஸ்கைஸ்கிரேப்பர்' என்பதும் ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அது பாய்மரத்தின் உச்சியில் கட்டும் சிறு பாயின் பெயர். பிறகு உயர்ந்த குதிரைக்கும், உயர்ந்த தொப்பிக்கும், நெட்டை மனிதனுக்கும் விளையாட்டாக வழங்கிற்று. 1880களில் அமெரிக்க நகரங்களில் எஃகுச் சட்டத்தின் துணையால் பல மாடிக் கட்டடங்கள் எழுந்தபோது அப்பெயர் அவற்றுக்கே உரியதாகிவிட்டது. ஆங்கிலச் சொல் வானைச் சுரண்டுவது என்று பொருள்படும். அதற்கு ஈடாக வழங்கும் 'வானளாவி' என்னும் தமிழ்ச்சொல் வானைத் தொட்டு அளாவுகிறது. ஈடுசெய்தவர்கள் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் தமிழின் இயல்பு நோக்கி ஆக்கியமை பாராட்டத்தக்கது.

சிங்கப்பூரில் 1939ஆம் ஆண்டில் திரையரங்கோடு திறக்கப்பட்ட கேத்தே கட்டடம் பதினாறு மாடி உடையது. அந்நாளில் தென்கிழக்காசியாவிலேயே உயர்ந்தது என்று அது பேசப்பட்டது. 1986ஆம் ஆண்டிலும் 1992ஆம் ஆண்டிலும் 1995ஆம் ஆண்டிலும் ராஃபிள்ஸ் பிளேஸ் பகுதியில் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தை எட்டும் வங்கி, வணிகக் கோபுரங்கள் எழுந்தன. விமானப் பாதையைக் கருதி விதிக்கப்பட்டிருந்த வரம்பு அது. 2016ஆம் ஆண்டில் தஞ்சோங் பகாரில் கட்டி முடிக்கப்பட்ட கோபுரம் 290 மீட்டர் அளவை எட்டியது. மக்கள் வாழும் வீடுகளும் உயர்ந்தன. 2009ஆம் ஆண்டில் டக்ஸ்டன் பகுதியில் ஏழு கட்டடங்களாக எழுந்த அரசாங்க அடுக்குமாடி வீடுகள் ஐம்பது மாடி கொண்டவை. வெப்ஸ்டரின் எடுத்துக்காட்டுகளில் இடம்பெறாத வீடு, மெலிந்து உயர்ந்து பாய்மரம் போல ஆனபின், 'டால்' என்னும் சொல் அதன்மேலும் தயக்கமின்றி ஏறிவிட்டது.

தமிழின் நெடுமை

இனி, இச்சொல்லுக்குத் தமிழில் நிகரான சொற்களை நோக்குவோம். ஆங்கிலத்தில் நீளத்துக்கு 'லாங்', நிமிர்ந்த உயரத்துக்கு 'டால்', மேலிருத்தலுக்கு 'ஹை' என மூன்று சொற்கள் உள்ளன. மலாய் மொழியில் நீளத்துக்குப் 'பாஞ்சாங்'; உயரம் இரண்டுக்கும் 'திங்கி'. சிங்கப்பூரில் உள்ள புக்கிட் பாஞ்சாங் நெடுங்குன்று. பாசிர் பாஞ்சாங் நெடுமணல். தமிழில் 'நெடுமை' நீளத்துக்கும் பொது, உயரத்துக்கும் பொது. நெடுவழி கிடக்கிறது; நெடுமரம் நிற்கிறது. கிடப்பதற்கும் நிற்பதற்கும் ஒரே அடைமொழி. அதனால்தான் ஆங்கிலத்தில் 'ஹைவே' எனப்படுவது தமிழில் உயர்சாலை ஆகாமல் நெடுஞ்சாலை ஆயிற்று. 'ஹை ஸ்கூல்' உயர்நிலைப் பள்ளி. 'ஹை கோர்ட்' உயர் நீதிமன்றம். சிங்கப்பூரில் 1821ஆம் ஆண்டளவில் அமைந்த பழந்தெருவாகிய 'ஹை ஸ்ட்ரீட்' என்பதோ உயரமான தெரு அன்று, தலைமைத் தெரு. ஒரே ஆங்கிலச் சொல் தமிழில் மூவிடத்து மூன்று முகம் காட்டுகிறது.

நெடுமை இடத்தோடு நிற்கவில்லை, காலத்துக்கும் சென்றது. நெடுநாள், நெட்டுயிர்ப்பு என்பன அவ்வகையின. இரு மாத்திரை ஒலிக்கும் எழுத்தை நெடில் என்றனர் இலக்கணம் செய்தோர். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையின் பெயரை எண்ணுக. பிரிந்திருக்கும் அரசிக்கு வாடைக்காலம் நீண்டது. போரில் வெல்லும் அரசனுக்கு அதுவே நல்லது. ஒரே காற்று, இருவர் உள்ளத்தில் இரண்டு அளவு. நெடுமை ஈண்டு அளவுகோலால் அளக்கப்படுவதன்று, மனத்தால் அளக்கப்படுவது.

காலத்தைக் கடந்து நெடுமை பெருமைக்கும் சென்றது. நெடுந்தகை என்றால் பெருந்தன்மை உடையவன். உலகளந்த திருமாலுக்கு நெடியோன், நெடுமால் என்பன பெயர்கள். நெடுஞ்செழியன், நெடுஞ்சேரலாதன், நெடுமான் அஞ்சி, நெடுங்கிள்ளி எனச் சங்ககால வேந்தரும் வேளிரும் இவ்வடைமொழியைத் தாங்கினர். இவர்கள் எல்லாரும் உடலால் உயர்ந்தவர்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. புகழால் நீண்டவர்கள் என்று கொள்ளுதலே பொருத்தம்.

இங்கு ஒரு வேறுபாட்டை நோக்குக. ஆங்கிலச் சொல் மனிதனுடைய குணத்தில் தொடங்கி உடல் அளவுக்கு வந்தது. விரைவு, பணிவு, வீரம் என்று உள்ளத்தை அளந்த சொல் கடைசியில் அடியையும் அங்குலத்தையும் அளக்கும் சொல்லாயிற்று. தமிழ்ச் சொல்லோ அளவையும் குணத்தையும் ஒருசேரத் தாங்கி நின்றது. 'நெட்டை', 'நெட்டையன்' என்று உடலைச் சுட்டுமிடத்துச் சற்று ஏளனமும், 'நெடியோன்' என்று பெருமையைச் சுட்டுமிடத்து வணக்கமும் தோன்றுமாறு விகுதியையும் சொல்லமைப்பையும் மாற்றிக்கொண்டது. 'உயர்' என்னும் அடியும் அப்படியே. உயரம் என்றால் அளவு; உயர்வு என்றால் மேன்மை. கோபுரத்துக்கு உயரம் உண்டு; மனிதனுக்கு உயரமும் உண்டு, உயர்வும் உண்டு. தமிழிலக்கணம் மக்களை உயர்திணை என்றது அவர்கள் மற்ற உயிர்களினும் உயரமானவர்கள் என்பதற்காக அன்று.

நெடுமொழி

இரு மொழிகளும் தனித்தனியே நடந்து சென்று ஓரிடத்தில் சந்திக்கின்றன. 'டால் டேல்' என்றும் 'டால் டாக்' என்றும் ஆங்கிலத்தில் வழங்குகின்றனர். மிகைப்படுத்திய கதை, அளவு கடந்த பேச்சு என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இவ்வழக்குப் பரவிற்று. ஒரே குண்டில் பத்து மானை வீழ்த்தியதாகக் கூறும் வேட்டைக்காரன் கதை அவ்வகையினது. அதனை நம்புமாறு எவரும் கேட்பதில்லை, சிரிக்குமாறே கேட்கின்றனர்.

தமிழில் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே 'நெடுமொழி' என்னும் சொல் இருந்தது. ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலையில் 'நெடுமொழி கூறல்' ஒரு துறை. வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துரைத்தல் அதன் இலக்கணம். திருக்குறளில் படைச்செருக்கு அதிகாரத்தின் முதற்குறள், பகைவரை நோக்கி வீரன் ஒருவன் தன் தலைவனின் ஆற்றலைக் கூறி எச்சரிப்பதாக அமைந்தது. பரிமேலழகரும் அதனை நெடுமொழி என்னும் துறையோடு சார்த்தி உரைத்தார். தற்புகழ்ச்சியைக் குற்றம் என்று விலக்கிய இலக்கண நூலார், போர்க்களத்தில் அதற்கு இடந்தந்தனர்.

'டால் டாக்' என்பதற்கு நெடுமொழி என்று எழுதிவிடலாமா? கூடாது. இரண்டும் பேச்சின் நீட்சியே. ஆனால் நெடுமொழிக்குப் பின்னால் உயிரைப் பணயம் வைக்கும் ஒரு செயல் நிற்கிறது. 'டால் டாக்' என்பதற்குப் பின்னால் அப்படி ஒன்றும் இல்லை. அதனைத் தமிழில் 'அளப்பு' என்பர் பொதுமக்கள். 'அவன் நன்றாக அளக்கிறான்' என்றால் எவர்க்கும் விளங்கும். ஏட்டுச்சொல் ஒத்திருந்தும் பொருந்தவில்லை. பேச்சுச்சொல் ஒவ்வாத வேரிலிருந்து வந்தும் பொருந்துகிறது.

அண்மைக் காலத்து ஆங்கிலத்தில் 'ஸ்டாண்ட் டால்' என்னும் வழக்கு மிகுதி. நிமிர்ந்து நில், அஞ்சாதே என்பது கருத்து. குள்ளமானவரையும் இவ்வாறு ஊக்கலாம். நானூறு ஆண்டுகளுக்கு முன் தேய்ந்துபோன வீரம் என்னும் பொருள், இத்தொடரில் வேறு வழியாக மீண்டும் தலைகாட்டுகிறது எனலாம்.

உயர்ந்த கூம்பும் உயர்த்திய கைகளும்

சிங்கப்பூர் நகரின் நடுவே செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் நிற்கிறது. அதன் கூம்பு ஏறக்குறைய 63 மீட்டர் உயரம். அவ்விடத்தில் முன்னிருந்த தேவாலயத்தின் கூம்பை 1845ஆம் ஆண்டிலும் 1849ஆம் ஆண்டிலும் இடி தாக்கியது. பின்னர் அக்கட்டடம் இடிக்கப்பட்டது. புதிய ஆலயத்துக்கு 1856ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1861ஆம் ஆண்டில் முதல் வழிபாடு நடந்தது. வரைபடம் அமைத்தவர் ரொனால்டு மெக்பர்சன். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள்.

1825ஆம் ஆண்டு முதல் 1873ஆம் ஆண்டு வரை இந்தியக் கைதிகளின் உழைப்புச் சிங்கப்பூருக்குக் கிடைத்தது. சென்னை மாநிலத்தாரும் வங்காளத்தாரும் பிறரும் அவர்களுள் இருந்தனர். சாலை அமைத்தனர், செங்கல் அறுத்தனர், கருங்கல் உடைத்தனர். பேராலயத்தின் உட்சுவர்க்குப் பூசிய சாந்தைப் பற்றி மெக்நேர் என்னும் அதிகாரி 1899ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் விளக்கியுள்ளார். கிளிஞ்சற் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் வெல்லமும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டுக் குழைத்துப் பூசினர். உலர்ந்தபின் பளிங்கு போல் மின்னுமாறு வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகிட்டனர். சென்னைச் சுண்ணாம்பு என்றே அச்சாந்துக்கு ஆங்கிலேயர் பெயரிட்டு வழங்கினர். தென்னாட்டுக் கொத்தர் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட முறை அது.

வெப்ஸ்டர் மரபு வகுத்த இலக்கணப்படி அக்கூம்பு 'டால்'. அதில் ஐயமில்லை. ஆனால் அச்சொல்லின் பழம்பொருளை அறிந்தவர் மற்றொன்றையும் காண்பர். 'கையால் டாலானவன்' என்று ஷேக்ஸ்பியர் காலத்தில் வழங்கிய தொடர், கைவிரைவும் துணிவும் உடையவனைக் குறித்தது என்று மேலே கண்டோம். அந்தரத்தில் கட்டிய சாரத்தின்மேல் நின்று கல்லடுக்கிய அக்கைகளுக்கு அத்தொடர் முற்றும் பொருந்தும். கட்டடத்துக்குச் சென்றுவிட்ட சொல், முறைப்படி கட்டியவனுக்கு முதலில் உரியது.

இது பழங்கதை மட்டும் அன்று. ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலைக்கும் ரேஸ் கோர்ஸ் சாலைக்கும் இடையே நடந்து செல்வோர், தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர் திரள்திரளாகக் கூடியிருப்பதைக் காணலாம். ஊருக்குப் பணம் அனுப்புவோரும், காய்கறி வாங்குவோரும், புல்தரையில் அமர்ந்து ஊர்ச்செய்தி பேசுவோரும் ஆக அவ்விடம் நிறைந்திருக்கும். வாரத்தின் மற்ற நாள்களில் அவர்களுள் பலர் உயர்ந்த கட்டடங்களில் இரும்பு கட்டுபவர்கள், சிமெண்டு வார்ப்பவர்கள், சாரம் பொருத்துபவர்கள். அவ்வழியே நடந்து தமிழ் வகுப்புக்குச் செல்லும் சிறுவன் தொலைவில் தெரியும் கோபுரங்களை 'டால்' என்று சொல்ல அறிந்திருக்கிறான். அருகில் அமர்ந்திருப்பவரையும் நெடுந்தகை என்று சொல்லத் தமிழில் ஒரு சொல் உண்டு என்பதை அவனுக்கு யார் சொல்வது?

ஆசிரியரே சொல்ல வேண்டும். 'டால்' என்பதற்கு 'உயரமான' என்று கரும்பலகையில் எழுதுவது பிழையன்று. அதனோடு நின்றுவிடுவதே பிழை. அச்சொல் விரைவாகப் பிறந்து, பணிவாக நின்று, வீரமாக வளர்ந்து, உடலை அளந்து, பாய்மரத்தில் ஏறி, மாடியில் குடிபுகுந்த கதையைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். நெடில், நெடுஞ்சாலை, நெடுந்தகை, நெடுமொழி என்னும் நான்கு தமிழ்ச் சொற்களை அதன் பக்கத்தில் எழுதிக் காட்டலாம். உயரத்துக்கும் உயர்வுக்கும் உள்ள வேற்றுமையை மாணவரையே சொல்லச் செய்யலாம். நெட்டுருப் போட்ட சொல் தேர்வோடு மறைந்துவிடும். வரலாற்றோடு கற்ற சொல் மறையாது. தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லின் நிழலாகத் தோன்றாமல் அதற்கு நிகராக நிமிர்ந்து நிற்கும். அந்நிலையை மாணவர் உள்ளத்தில் உண்டாக்குதல் தமிழாசிரியரின் கடன்.